நோன்புக் கடற்பாசி போன தூரம்

நோன்பு மாதத்தில் ஹல்துமுல்லைப் பக்கம் முஸ்லிம் வீட்டுக்கு அயலில் குடியிருந்தால், மாலையில் மூடிய தட்டொன்று வந்து சேரும். திறந்தால் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ரோஸ் நிறம் காட்டி, சாய்சதுரமாக வெட்டிய கடற்பாசி. மலைக்குளிரில் மட்டுமல்ல, கொழும்பு வெயிலிலும் அது உருகாது. அந்த ஒரு குணம்தான் அதை ஆய்வுகூடம் வரை கூட்டிப்போனது.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1658 வாக்கில் மினோயா தாரோசாயெமோன் என்ற விடுதிக்காரர் மிஞ்சிய பாசிக்கூழை மார்கழிக் குளிரில் வெளியே கொட்டினாராம். இரவில் உறைந்து, பகலில் நீர் வடிந்து, கடைசியில் காய்ந்த சருகாகக் கிடந்தது. கொதிக்க வைத்தார், மறுபடி கூழ். செவிவழிக் கதைதான், ஆனாலும் காயவைத்த பாசி மூட்டை கட்ட வசதியானது என்பது வியாபாரிக்குப் புரிந்துவிட்டது. சீன வணிகர் கை மாறி, மலாய் நாவில் ‘அகர்-அகர்’ ஆகி, ஜாவாவில் குடியேறிய ஒல்லாந்தரின் சமையலறைக்குள் நுழைந்தது. நம் கடலிலும் சரக்கு இருந்தது. இராமநாதபுரத்துக் கரையில் கஞ்சிப்பாசி என்று அழைக்கப்படுவதைத்தான் வெள்ளைக்காரர் ‘சிலோன் மாஸ்’ என்று மருந்து நூல்களில் எழுதிவைத்தார்கள்.

ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒல்லாந்து அயலவரிடம் இந்தச் சமையல் ரகசியத்தைக் கற்றவர், அமெரிக்காவில் பிறந்த ஃபேனி ஹெஸ். அவர் கணவர் வால்தர், ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் காற்றிலுள்ள கிருமிகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பயன்பட்ட ஜெலட்டின் கோடை வெயிலில் தண்ணீராகிவிடும். போதாக்குறைக்கு, சில கிருமிகள் அதையே தின்றும் தீர்க்கும். உன் ஜெலி மட்டும் எப்படி வெயிலில் நிற்கிறது என்று கணவர் கேட்க, மனைவி அகரைக் காட்டினார். உருக 85 டிகிரி வரை சூடு வேண்டும். ஆறி 40 டிகிரிக்குக் கீழே போனால்தான் கட்டியாகும். பெரும்பாலான பக்டீரியாவுக்கு அதைத் தின்னவும் தெரியாது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கோக், அகரை ஒரே வாக்கியத்தில் சொல்லி நகர்ந்தார். ஹெஸ் தம்பதியின் பெயர் அதில் இல்லை. 1887இல் கோக்கின் உதவியாளர் பெட்ரி, மூடியுள்ள கண்ணாடித் தட்டைப் பற்றிச் சின்னக் கட்டுரை எழுதினார். அவர் பெயர் மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

1941இல் ஜப்பான் போரில் இறங்கியதும் அங்கிருந்து வந்த அகர் நின்றுபோய், நேச நாடுகளில் பஞ்சம். நியூசிலாந்துக் கரையில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாசி பொறுக்கினார்கள்.

போர் முடிந்தபின் அதே கூழின் மேல் பக்டீரியா மரபியல் வளர்ந்தது. 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் அவர் மனைவி எஸ்தரும், வெல்வெட் துணியைக் கிருமி வளர்ந்த ஒரு தட்டில் ஒற்றி, மருந்து கலந்த இன்னொரு தட்டில் அச்சுப்போல் பதித்தார்கள். மருந்துக்கு அசையாத கிருமி, மருந்தைக் காணும் முன்பே கூட்டத்தில் இருந்தது என்பது அந்தத் துணியால் நிரூபணமானது. 1958இல் நோபல் பரிசு ஜோஷுவாவுக்கு, எஸ்தருக்கு இல்லை. ஃபேனியின் கதையேதான்.

அடுத்த கேள்வி இன்னும் பெரியது: தட்டில் வளர்க்கும் பக்டீரியாவே ஆபத்தானதாக மாறி வெளியே போய்விட்டால்? பக்டீரியாவுக்குள் வேற்று உயிரின் மரபணுவை ஒட்டலாம் என்று ஆனதும், பால் பெர்க் முதலான விஞ்ஞானிகள் 1974இல் தங்கள் ஆய்வில் ஒரு பகுதியைத் தாங்களாகவே நிறுத்திவைத்தார்கள். 1975 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி, ஆய்வுகூடத்துக்கு வெளியே பிழைக்க முடியாத பக்டீரியாவையே பயன்படுத்துவது போன்ற விதிகளை வகுத்தார்கள். தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளும் விஞ்ஞானிகளை அடிக்கடி காண முடியாது.

அந்த அகர் தட்டு நம் தேயிலைத் தோட்டத்துக்கும் திரும்பி வருகிறது. மலையிலிருந்து லயத்துக்கு இறங்கும் பீலித் தண்ணீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, நீரை மெல்லிய வடிதாளில் வடித்து, தாளைத் தட்டில் வைத்து, 44 டிகிரிச் சூட்டில் ஒருநாள் விடுவார்கள். கழிவிலிருந்து வந்த பக்டீரியா இருந்தால் நிறப்புள்ளிகள் எழும். ஜெலட்டினாக இருந்தால் அந்தச் சூட்டில் ஓடிவிடும், கடற்பாசி அசையாது. உங்கள் பீலித் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், முடிவு என்ன என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.