மூவாயிரம் மைலின் கதை

போன மாதம் மாமாவின் காரை சர்வீஸ் முடித்து எடுக்கப் போயிருந்தேன். முன் கண்ணாடியின் மூலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அடுத்த ஆயில் மாற்ற வேண்டியது இன்னும் 5,000 கிலோமீட்டரில் என்று அதில் பேனாவால் எழுதியிருந்தது. வண்டிக்குள் கிடந்த கையேட்டைப் புரட்டினால் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டேன். "புஸ்தகத்துல அப்படித்தான் தம்பி போட்டிருப்பான். வண்டி ஓடுறது நம்ம ரோட்டுல இல்ல?" என்றார். மாமா பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

நான் படிப்பது பி.காம். என்ஜினைத் திறந்து பார்த்தவன் இல்லை. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு எண்கள் சொல்லப்பட்டு, ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு செலவு வைத்தால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடத்தான் தோன்றும். தேடியதில் கிடைத்தது நூற்றைம்பது வருடக் கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொழுப்பும் விளக்கெண்ணெயும்

நீராவி என்ஜின் காலத்தில் உலோகம் உலோகத்தோடு உரசாமல் இருக்கப் பயன்பட்டது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பும் தாவர எண்ணெய்களும்தான். சூட்டில் இவை கெட்டுப்போய் வால்வுகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு, கச்சா எண்ணெயை என்னவெல்லாம் செய்யலாம் என்று பலர் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர். மருந்து தேடப் போனவருக்கு மசகு எண்ணெய் கிடைத்தது! 1866-ல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு வால்வோலின் ஆனது. பெயரிலேயே வால்வு இருப்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பெயர் நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் தொடங்கிய நிறுவனம், மோட்டார் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் ஏற்றபடி எண்ணெயில் ஆமணக்கு எண்ணெயைக் கலந்து பார்த்தது. ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில். அதிலிருந்துதான் 1909-ல் காஸ்ட்ரால் என்ற பெயர் வந்தது. அதாவது நம் பாட்டிமார் வயிறு சுத்தமாகக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்! முதல் உலகப் போரில் பறந்த சுழல் என்ஜின் விமானங்களுக்கும் விளக்கெண்ணெய்தான். அந்த என்ஜின்களில் பெட்ரோலும் எண்ணெயும் ஒரே அறைக்குள் புழங்கும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரைந்து போகாது என்பதால் அது பொருத்தமாக இருந்தது. ஆனால் சூட்டில் பிசின் மாதிரி ஆகிவிடும். அதனால் என்ஜினை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஆக, எண்ணெய் தேய்மானத்தைத் தடுக்கும், ஆனால் அதுவே கெட்டும் போகும். எவ்வளவு ஓடினால் கெடும் என்பதுதான் இந்தக் கதை முழுக்க வரும் கேள்வி.

750 மைல்

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பு கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. சுழலும் பாகங்கள் வாரி இறைக்கும் எண்ணெய்தான் மற்ற இடங்களுக்குப் போய்ச் சேரும். அளவு பார்க்க இன்றைக்கு இருப்பதுபோல் குச்சியும் கிடையாது. அடியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்கள் இருக்கும். காருக்குக் கீழே குனிந்து அவற்றைத் திறந்து, எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னாளில் வந்த மாடல் டி கையேடுகள் சுமார் 750 மைலுக்கு ஒருமுறை பழைய எண்ணெயை வடித்துவிடச் சொல்லின. நம் கணக்கில் 1,200 கிலோமீட்டர்.

இதில் யாருடைய பேராசையும் இல்லை. தூசி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும். எரியும்போது உண்டாகும் நீராவியும் அமிலமும் அதில் சேரும். எண்ணெயிலோ அழுக்கைத் தாங்கும் எந்த மருந்தும் கலக்கப்படவில்லை. 1923-ல் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்ஷும் காருக்கு ஆயில் ஃபில்டர் கண்டுபிடித்து, அதற்கு ப்யூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1935-ல் அமெரிக்காவில் டீசல் என்ஜின்களுக்காக அழுக்கு நீக்கும் மருந்து கலந்த எண்ணெய் வந்தது. கரியையும் கசடையும் என்ஜின் சுவரில் ஒட்டவிடாமல் தன்னோடு சுமந்து வெளியே வருவது அதன் வேலை. புதிய ஆயில் கொஞ்ச நாளிலேயே கறுத்துப் போவதற்கு இதுதான் காரணம். கறுப்பாகி விட்டதால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

டப்பாவின் மேல் இருக்கும் எண்களும் எழுத்துகளும்

அந்தக் காலத்தில் கடையில் எண்ணெய் வாங்குபவர் விற்பவர் பேச்சை நம்பித்தான் வாங்க வேண்டும். இதை மாற்றியவை இரண்டு அமைப்புகள். 1905-ல் தொடங்கிய எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் 1911-ல் எண்ணெய்களை அவற்றின் கெட்டித்தன்மையை வைத்து வகைப்படுத்தியது. இன்று டப்பாவில் நாம் பார்க்கும் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 எல்லாம் அதன் வாரிசுகள். டபிள்யூ என்றால் எடை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முன்னால் இருக்கும் எண் சிறியதாக இருந்தால் குளிரிலும் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும்.

சென்னையில் ஏது குளிர் என்று கேட்கலாம். ஆனால் 100 டிகிரியோடு ஒப்பிட்டால் நம் ஊர் காலை நேரத்து 25 டிகிரியும் என்ஜினுக்குக் குளிர்தான். சாவியைத் திருப்பியதும் எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறது என்பது இங்கேயும் முக்கியம்.

இரண்டாவது அமைப்பு ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம். 1947-ல் சாதாரணம், பிரீமியம், கனரகம் என்று மூன்று வகையாக எண்ணெயைப் பிரித்தது. பிறகு எழுத்து முறை வந்தது. பெட்ரோல் காருக்கு முதல் எழுத்து எஸ். இரண்டாவது எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப் போகத் தரம் புதியது. எஸ்.எல். 2001, எஸ்.எம். 2004, எஸ்.என். 2010, எஸ்.பி. 2020 என்று வளர்ந்து வந்திருக்கிறது. ஏ.பி.ஐ.யின் பட்டியலிலேயே ஒரு வரி என்னை அதிர வைத்தது. எந்த மருந்தும் கலக்காத எஸ்.ஏ. வகை எண்ணெய், 1930-க்குப் பிறகு தயாரான பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு ஏற்றதல்ல என்கிறது அது. அப்படியானால் அந்த எண்ணெயை வாங்கி இன்றைய காரில் ஊற்றினால் என்ன ஆகும்? எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் தப்பிப்பார். விலையை மட்டும் பார்ப்பவர் மாட்டிக்கொள்வார்.

விதிவிலக்கு விதியான கதை

இப்போது தலைப்புக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம் ஆன சூத்திரம், மூன்று மாதம் அல்லது 3,000 மைல். நம் கணக்கில் கிட்டத்தட்ட 4,800 கிலோமீட்டர். மாமாவின் ஸ்டிக்கரில் இருந்ததும் ஏறக்குறைய அதே எண்தான்!

கார்புரேட்டரும், சோக்கும், ஈயம் கலந்த பெட்ரோலும் இருந்த காலத்தில் இந்த எண்ணுக்கு நியாயம் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக மாறின. கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஈயம் போனது (இந்தியாவில் 2000-ல் முழுவதும் நீக்கப்பட்டது). 1970-களில் ஆம்சாயில், மொபில் 1 போன்ற சிந்தெடிக் எண்ணெய்கள் கார்களுக்கு விற்பனைக்கு வந்தன. 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகளைப் பார்த்தால் சாதாரண ஓட்டத்துக்கு 7,500 மைல், கடினமான ஓட்டத்துக்கு 3,000 மைல் என்று இரண்டு கணக்கு இருக்கும். 3,000 என்பது விதிவிலக்கு.

ஆனால் 1970-களிலிருந்து பெருகிய, பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றித்தரும் கடைகளுக்கு எது லாபம்? ஒரு காமர்ஸ் மாணவனுக்கு இது சுலபமான கணக்கு. வருடம் 15,000 மைல் ஓட்டும் வாடிக்கையாளர் 7,500 மைல் கணக்கில் இரண்டு முறை வருவார். 3,000 கணக்கில் ஐந்து முறை வருவார். கடை, ஆள், வாடகை எல்லாம் அதேதான். கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். விளம்பரச் செலவே இல்லாத விளம்பரம் அது. இதில் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. இரண்டு கணக்கில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும்.

1996-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இதைச் சோதித்துப் பார்த்தது. நியூயார்க் நகரத்தின் 75 டாக்சிகளை ஒவ்வொன்றும் 60,000 மைல் ஓடவிட்டு, சிலவற்றுக்கு 3,000 மைலிலும் மற்றவற்றுக்கு 6,000 மைலிலும் ஆயில் மாற்றினார்கள். பிறகு என்ஜின்களைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தார்கள். குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. பின்னாளில் கலிபோர்னியா மாநில அரசே 3,000 மைல் ஒரு கட்டுக்கதை, உங்கள் கார் கையேட்டைப் பாருங்கள் என்று பிரசாரம் செய்தது. அவர்களுடைய கவலை கழிவு எண்ணெய். ஒரு காலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை. தேவையில்லாமல் மாற்றும் ஒவ்வொரு முறையும் காசோடு தண்ணீரும் போகிறது.

ஆனால் அவசரப்பட வேண்டாம்

இதைப் படித்துவிட்டு ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1997 முதல் 2002 வரை தயாரான சில டொயோட்டா என்ஜின்களில் எண்ணெய் கசடாக உறைந்து என்ஜினே பழுதான புகார்கள் வந்தன. நிறுவனம் அதற்காகத் தனி உத்தரவாதமே கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த டாக்சிச் சோதனையிலும் ஒரு விஷயம் உண்டு. டாக்சி நாள் முழுக்க ஓடுவதால் என்ஜின் ஆறுவதே அபூர்வம். குளிர்ந்த என்ஜினை அடிக்கடி கிளப்புபவருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது என்று சோதித்தவர்களே சொன்னார்கள்.

இதைப் படித்த பிறகுதான் மாமாவின் கையேட்டை மறுபடி எடுத்தேன். 10,000 என்று பார்த்ததும் மூடி வைத்துவிட்டேன் அல்லவா? பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு அட்டவணை இருக்கிறது. கடினமான பயன்பாடு: தூசி நிறைந்த சாலை, நெரிசலில் நின்று நின்று போவது, என்ஜின் சூடாகும் முன்பே முடிந்துவிடும் குறுகிய பயணங்கள். அவற்றுக்கு 5,000 கிலோமீட்டர்.

மாமாவின் கார் எங்கே போகிறது? காலையில் மார்க்கெட், மாலையில் கோயில். இரண்டும் இரண்டு கிலோமீட்டருக்குள். என்ஜின் சூடானால்தான் எண்ணெயில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகும். அவர் கார் சூடாவதே இல்லை. ஆக மெக்கானிக் சொன்ன எண் சரி! அவர் சொல்லாமல் விட்டது காரணத்தை. ரோடு மட்டும் அல்ல, மாமா ஓட்டும் விதமும்தான் காரணம். அதே ஸ்டிக்கரை மாதாமாதம் மதுரைக்கும் கோவைக்கும் போய்வருபவர் காரில் ஒட்டினால் அது பாதி வீண் செலவு.

எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பாவில் எண், எழுத்து இரண்டையும் கையேட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். எழுத்து கையேட்டில் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் பொதுவாகப் பரவாயில்லை, பழையதாக இருக்கக் கூடாது. கையேட்டில் இரண்டு அட்டவணையையும் படித்து, உங்கள் கார் எதில் வருகிறது என்று நேர்மையாகப் பாருங்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வடித்த எண்ணெய் சாக்கடைக்குப் போகிறதா, டிரம்முக்குப் போகிறதா என்று கேளுங்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ மெக்கானிக் சொன்னது சரிதானேடா?" என்று சிரித்தார். சரிதான் மாமா. ஆனால் அடுத்த தடவை ஏன் என்றும் கேட்போம்.