தொட்டில் பக்கத்தில் அப்பா

பெற்ற பிள்ளையைப் பெரியவர்கள் எதிரில் தகப்பன் தூக்கிக் கொஞ்சக் கூடாது என்று நம் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ எழுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளை வீறிட்டு அழும். எடுக்கக் கை நீளும். திண்ணையில் தன் தகப்பனார் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டதும் நீட்டிய கை தானாக மடங்கிவிடும். "ஏய், பிள்ளை அழுவது காதில் விழலையா?" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போடுவதோடு அப்பாவின் வேலை முடிந்தது.

இது ஆதியிலிருந்து வந்த தமிழ் வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய நூல்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

புறநானூற்றின் 188-ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசன். பலரோடு உட்கார்ந்து உண்ணும் பெருஞ்செல்வம் இருந்தாலும், குறுநடை நடந்து வந்து, கையை நீட்டி, சோற்றைத் தொட்டு, அள்ளி, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவருக்கு வாழ்நாளில் பயனே இல்லை என்கிறான். பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்துச் சாப்பிட்டவனுக்குத்தான் இந்த வரிசை தெரியும். திருவள்ளுவரும் 'மக்கட்பேறு' அதிகாரத்தில், பிள்ளையின் சிறு கை அளாவிய கூழுக்கு அமுதத்தைவிட உயர்ந்த இடம் கொடுக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார் அங்கே நந்தவனம் வைத்து மாலை கட்டிக் கொடுத்தவர். அவர் காலம் ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டு என்பார்கள். பெரியாழ்வார் திருமொழியின் முதல் இரண்டு பத்துகளைப் பக்திக்காகப் படிப்பவர்கள் படிக்கட்டும். பிள்ளை வளர்ப்பின் நாட்குறிப்பாகவும் அதைப் படிக்கலாம். பிறந்த வீட்டின் கொண்டாட்டத்தில் முற்றம் முழுக்க எண்ணெயும் மஞ்சள் பொடியும் கலந்து சேறாவது முதலில் வரும். பிறகு தாலாட்டு, நிலாவைக் கூப்பிடுவது, செங்கீரை ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடை, ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வது, பூச்சி காட்டிப் பயமுறுத்துவது, பால் குடிக்க அழைப்பது, காது குத்துவது, குளிக்க மறுப்பவனைக் கெஞ்சுவது, தலை வாருவது, பூச்சூட்டுவது, அந்தி நேரத்தில் கண்ணேறு படாமல் காப்பிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிகம்.

அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். தொட்டிலில் போட்டால் கிழிந்துபோகும்படி உதைக்கிறான், தூக்கினால் இடுப்பை ஒடிக்கிறான், இறுக்கி அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், என்னால் முடியவில்லை, இளைத்துப் போனேன் என்கிற புலம்பல் அது. தொட்டில் கிழியும் என்பதைக் கவனியுங்கள். மரத்தொட்டில் உடையும், துணித்தொட்டில்தான் கிழியும். நம் வீடுகளில் உத்தரத்தில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டோமே, அந்தத் தொட்டில்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் புலம்பலைப் பாடியது ஓர் ஆண்.

யசோதையாக, தாயின் குரலில்தானே பாடினார் என்று கேட்கலாம். உண்மைதான். பிள்ளையைக் கொஞ்ச ஓர் ஆணுக்கு அன்றும் தாயின் குரல் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் குரல் தாயுடையதானாலும், பார்த்த கண் அவருடையது. துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண் குழந்தையைக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தவர் அவர் என்பது நாம் எல்லோரும் அறிந்த வரலாறு. பிள்ளை வளர்த்த கை எழுதியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த வழியில்தான் பின்னால் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே வளர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடினார். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி என்று பிள்ளையின் வளர்ச்சியைக் கணக்கு வைத்துப் பாடியவர்கள் பெரும்பாலும் ஆண் புலவர்கள்.

அப்படியென்றால் நம் அப்பாக்களின் கையை மடக்கியது எது? இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

ஒன்று, தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கம். வளைகாப்பு முடிந்து போன பெண், பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனபிறகுதான் திரும்புவாள். அதுவரை தகப்பன் மாமனார் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது கொண்டுவந்து காட்டும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுவான். தாய்க்கு ஓய்வு தந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளை வீடு வந்து சேரும்போது செங்கீரைக் காலம் வந்திருக்கும். அப்பா முகம் தெரியாமல் அழும்.

இன்னொன்று, மில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு சுற்றிலும் நூற்பாலைகள் பெருகின. ஊருக்குச் சோறு போட்டது பஞ்சும் நூலும்தான், அதை மறக்க முடியாது. ஆனால் சங்கு ஊதும் நேரத்துக்கு வீடுகளும் பழகிக்கொண்டன. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும். ஒரே அறை வீட்டில் பிள்ளை அழுதால், "அப்பா தூங்குறாங்க" என்று தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் தெருவில் வேப்பமர நிழலில் பகல் முழுக்க இப்படிப் பிள்ளைகள் இருந்தன. வீடு முழுவதும் வாயை மூடிக்கொள்ள வேண்டிய ஆளாகத்தான் அப்பா அந்தப் பிள்ளைகளுக்கு அறிமுகமானார். அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. சம்பள நாளில் பால்கோவாப் பொட்டலத்தோடு வருவார். அதைக் கையில் கொடுக்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

சட்டமும் அப்படித்தான் பார்த்தது. 1961-இல் வந்த மகப்பேறு உதவிச் சட்டம் தாய்க்கு 12 வார விடுப்புக் கொடுத்தது. 2017-இல் அது 26 வாரமானது. தகப்பனும் பிரசவத்தில் ஓர் ஆள் என்று மத்திய அரசு தன் ஊழியர் விஷயத்தில் ஒப்புக்கொண்டது 1997-இல்தான். அவர்களுக்குக் கொடுத்தது 15 நாள். அரசு வேலைக்கு வெளியே, ஒரு மில் தொழிலாளிக்கு அந்த 15 நாளையும் உறுதி செய்யும் பொதுச் சட்டம் கிடையாது.

இன்று நம் மகன்களும் மருமகன்களும் சென்னையிலும் பெங்களூரிலும் தனிக்குடித்தனம் இருக்கிறார்கள். குளிப்பாட்ட, காலில் போட்டு எண்ணெய் தேய்க்க, பக்கத்தில் பாட்டி இல்லை. பிள்ளை பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுகிறான் அப்பன். ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத் துணி மாற்றுகிறான். லீவுக்கு ஊருக்கு வந்தால் இங்கேயும் அதையே செய்கிறான். அப்போது நம்மில் சிலர் "பொம்பளை வேலையெல்லாம் இவன் பார்க்கிறான்" என்று சிரிக்கிறோம். காலம் கெட்டுவிட்டது, எல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் என்கிறோம்.

அது வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. பாண்டிய அரசன் பெருமையாகச் சொன்னது, நந்தவனத்துக்காரர் பதிகம் பதிகமாகப் பாடியது. இடையில் ஒரு நூறு வருஷம் வேலையும் வெட்கமும் மறித்துக்கொண்டு நின்றன, அவ்வளவுதான். வளர்ந்த கோதையும் தன் பாசுரங்களின் முடிவில் தன்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறாள்.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மகன் தன் பிள்ளையை மடியில் போட்டுத் தாலாட்டும்போது நாம் திண்ணையில் உட்கார்ந்து முறைக்க வேண்டாம். முடிந்தால் எழுந்துபோய் அந்த ஈரத் துணியைக் கொடியில் காயப்போடுவோம்.