கை மட்டும் உறங்கும் விந்தை

கையில் அறுவை செய்ய நோயாளியை முழுமையாக மயக்கத்தில் ஆழ்த்தியே ஆகவேண்டும் என்பதில்லை. கைக்குச் செல்லும் நரம்புகள் கழுத்திலிருந்து அக்குள் வரை ஒரு பின்னலாக இணைந்து செல்கின்றன. அங்கே மரப்பு மருந்தைச் செலுத்தினால் கை மட்டும் உணர்விழக்கும், நோயாளி விழித்திருப்பார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? நரம்பில் ஓடும் செய்தி ஒரு மின்துடிப்பே. ஓய்வு நிலையில் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போது துடிப்பு பிறக்கிறது. மரப்பு மருந்து அவ்வயனிகளின் வாயில்களை அடைக்கிறது. துடிப்பு மூளையை எட்டாவிட்டால் வலி ஏது?

1884ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் கோலர், கொக்கெயின் கரைசல் கண்ணை மரக்கச் செய்வதைக் கண்டறிந்தார். விரைவிலேயே அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட், தசையைத் திறந்து கைநரம்புப் பின்னலிலேயே அதைச் செலுத்தினார். தம் உடலிலும் சோதித்துப் பார்த்த அவர் கொக்கெயினுக்கு அடிமையானார். 1911இல் ஜெர்மனியில் ஹிர்ஷெல் அக்குள் வழியாகவும், கூலன்காம்ப் காறை எலும்புக்கு மேலாகவும், தோலைக் கீறாமல் ஊசியால் செலுத்தும் முறைகளை வெளியிட்டனர். பின்னர் லிக்னோகெயின், புப்பிவாக்கெயின் போன்ற மருந்துகள் வந்தன.

ஆனால் மருந்தின் வேகம் தணிந்ததும் வலி திரும்புகிறது, பெரும்பாலும் நள்ளிரவில்! மரப்பை நீட்டிக்க வழியுண்டா? 1903இலேயே ஹைன்ரிஷ் பிரௌன் அட்ரினலினைச் சேர்த்தார். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அங்கேயே நிறுத்தி வைத்தது. பிற்காலத்தில் மருத்துவர்களின் கவனம் டெக்சாமெதாசோன் என்னும் ஸ்டீராய்டின்மேல் சென்றது. 1950களின் இறுதியில் உருவான இம்மருந்து வீக்கத்தையும் அழற்சியையும் தணிப்பது. 2006இல் ஈரானிய மருத்துவர்கள் அதை லிக்னோகெயினுடன் கலந்து அக்குளில் செலுத்தினர். சராசரியாக 98 நிமிடங்கள் நீடித்த மரப்பு 242 நிமிடங்களாயிற்று.

நரம்பருகே இருப்பதால்தான் ஸ்டீராய்டு பயன் தருகிறதா? இதைப் பிரித்தறியும் பெல்ஜியச் சோதனை ஒன்று 2013இல் வெளியாயிற்று. தோள் அறுவை செய்துகொண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு 10 மில்லிகிராம் மருந்து நரம்பருகே தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு அதே அளவு சிரை வழியாகத் தரப்பட்டது. ஸ்டீராய்டு பெறாதவர்களுக்கு வலியின்மை ஏறத்தாழ 12½ மணி நேரம் நீடித்தது. நரம்பருகே பெற்றவர்களுக்கு அது 23½ மணி; சிரையில் பெற்றவர்களுக்கு 21 மணி!

ஆகவே, பயனில் பெரும்பகுதி இரத்தத்தின் வழியாகவே கிடைத்துவிடுகிறது. அப்படியானால், சிறிது கூடுதல் நேரத்துக்காக மென்மையான நரம்பின்மேல் ஸ்டீராய்டை வைக்கத்தான் வேண்டுமா? இக்கேள்வியால் மருத்துவர் பலர் சிரை வழியையே தேர்கின்றனர். ஒரு மருந்து பயன் தருகிறது என்று அறிவது பாதி அறிவியலே. எங்கிருந்து பயன் தருகிறது என்று கேட்டுச் சோதிப்பதே மறுபாதி.