புதிதாக வந்தவர் தொழிலாளியான வரலாறு



தோட்டத்தில் பெரட்டு முடிந்து, ஆட்கள் அவரவர் வேலைக்குப் பிரிந்து போகும்போது, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஓரமாக நிற்பவர் யார்? நேற்று வந்திறங்கிய புதிய ஆள். ஒப்பந்தத்தின் பேரில் வந்தவர். சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடக் கூடியவர். இப்படிப்பட்டவரை எவ்வளவு விரைவில் கைதேர்ந்த தொழிலாளியாக ஆக்கலாம்? இது தோட்டங்கள் தோன்றிய நாளிலிருந்தே இருந்துவரும் கேள்வி. அதற்கு நம் நாடு கண்ட விடைகளில் நம் முன்னோரின் வரலாறும் அடங்கியிருக்கிறது. அதனை இன்று சிந்திப்போம்.

முதலில் வந்தது ஒப்பந்தக் கூலி முறை. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். கப்பற் செலவு அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் சிறைத் தண்டனை உண்டு. ஆள் தோட்டத்தில் இருக்கிறானா என்பதையே அந்தச் சட்டம் கவனித்தது. தொழில் கற்றானா என்பதை அது கேட்கவில்லை. 1910இல் இந்த முறை மலாயாவில் நிறுத்தப்பட்டது.

அதே காலத்தில்தான் பால்மரம் நாடெங்கும் பரவியது. 1909இல் ஜொகூர் பாரு வரை இரயில் பாதை நிறைவுற்றது. பாதையை ஒட்டியிருந்த சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் காடு அழிந்து கித்தாத் தோட்டங்கள் எழுந்தன. கரும்பு வெட்டுவதற்கும் பால்மரம் சீவுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்று வந்த ரிட்லி, மரத்தைக் கொத்திப் புண்ணாக்காமல், ஒரே வெட்டை மறுபடியும் மறுபடியும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். இன்றும் நாம் பின்பற்றுவது அந்த முறையைத்தான்.

வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லவேண்டும். அப்போதுதான் பட்டையினுள் ஓடும் பால்குழாய்கள் மிகுதியாக அறுபடும். ஒரு காசின் தடிப்புக்கு மேல் சீவக்கூடாது. ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால், பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள வளர்படலத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அதே இடத்திற்கு உளி திரும்பி வரும்போது, அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. ஆகவே, பழகாத கை ஒரு மாதத்தில் செய்யும் கெடுதலுக்கு, பிறகு அந்த நிரையில் நிற்கப்போகும் வேறொரு தொழிலாளி பல ஆண்டுகளுக்குப் பின்னர் விலை கொடுக்கிறார். விரைவாக வேலைக்கு அனுப்புவது வேறு. விரைவாகத் தொழில் பழக்குவது வேறு என்பதை இதிலிருந்து அறியலாம்.

பழக்கும் வேலையைக் கங்காணி ஏற்றார். உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்குப் போய், உறவினரையும் ஊராரையும் அழைத்துவந்தார். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களைக் கடந்து, கப்பலில் வந்து, நோய்த் தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே அவர்கள் தோட்டத்தை அடைந்தனர். 1907இல் முதலாளிகளிடம் வரி திரட்டி அமைக்கப்பட்ட தமிழர் குடிபெயர்வு நிதி, கப்பற் செலவை ஏற்றது. புதியவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், அவர் பேச்சைப் பேசியவர். அவர் ஊரை அறிந்தவர். இதன் நன்மையை நாம் மறுக்க முடியாது. பழைய மரங்களில் கையைப் பழக்கி, பிறகு நல்ல மரத்திற்கு விட்டார்கள்.

ஆனால் இந்த முறைக்கு மறுபக்கமும் உண்டு. வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தலையை எண்ணிப் பணம் கொடுத்தால், கை பழகிற்றா என்று பார்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஊரில் கொடுத்த முன்பணமும் புதியவரைக் கங்காணியோடு கட்டிப்போட்டது. இதற்கிடையில் மலேரியாக் காய்ச்சல் வேறு. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் நீரை வடியச் செய்து, காய்ச்சலை அடக்க முடியும் என்று காட்டினார். உடல் தேறாத ஆளிடம் உளியைக் கொடுத்துப் பயனில்லை என்பதைத் தோட்டங்கள் மெல்லவே உணர்ந்தன.

1938இல் இந்திய அரசு, உதவிச் செலவில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதன் பின் லயத்தில் பிறந்த பிள்ளைகளே பால்வெட்டுக்கு வந்தனர். தாயோடு மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, பார்த்துப் பார்த்துக் கற்ற கைகள் அவை. அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை. பின்னர் பிள்ளைகள் பட்டணம் நோக்கிப் போயினர், செம்பனை வந்தது, குத்தகைக்காரர் ஆள் கொண்டுவரும் வழக்கம் பெருகிற்று. 1984இல் மேடான் நகரில் மலேசியாவும் இந்தோனேசியாவும் தொழிலாளர் உடன்பாடு செய்துகொண்டன. பிறகு வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் வந்தனர். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

செம்பனைக்கும் பழக்கம் வேண்டும். உதிரிப்பழம் தரையில் விழுந்திருப்பதைப் பார்த்தே குலை பழுத்ததென்று அறிகிறோம். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். உயரமான அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் உயிரே போகும். இவற்றை முதல் நாளே புதியவருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். சொன்னால் போதாது, கூட நின்று செய்துகாட்டவேண்டும்.

நேயர்களே, இந்த வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. புதியவர் விரைவில் பயன்படுவது கடனாலும் அச்சத்தாலும் அன்று. வயிற்றுக்குச் சோறும், உடலுக்கு நலமும், பக்கத்தில் ஒரு பழகிய கையும் இருப்பதால்தான். நம் லயத்துக்கு ஓர் அயல்நாட்டுத் தொழிலாளி வந்தால், குடிதண்ணீர் எங்கே, மருந்தகம் எங்கே, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று சொல்லிக்கொடுப்போம். அதே கேள்விகளை, பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ சிங்கப்பூருக்கோ ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும் முதல் நாளே கேட்கட்டும்: சம்பளத்தில் என்ன பிடிக்கப்படும்? எனக்கு வேலை பழக்கப்போகிறவர் யார்? எத்தனை நாள் அவர் என்னோடு இருப்பார்? கையொப்பம் இடுவதற்கு முன் கேட்கும் கேள்விக்கே மதிப்பு அதிகம்.