ஈயத்துக்குப் பிறகு சுங்கை லெம்பிங்

பழைய ஈயக்குட்டைகளுக்கு என்ன ஆச்சு என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் சன்வேயைக் காட்டுவாங்க. குட்டை இருந்த இடத்தில் 1993-இல் நீர்விளையாட்டுப் பூங்கா, அப்புறம் பேரங்காடி. நகரம் பக்கத்திலேயே இருந்ததால் ஈயம் போனாலும் நிலத்துக்கு மவுசு குறையவில்லை. பகாங்கில், குவாந்தானிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சுங்கை லெம்பிங்குக்கு அந்த வசதி இல்லை.

அங்கே ஈயம் மலைப்பாறைக்குள் இருந்தது. 1906-இல் வந்த பகாங் கன்சாலிடேட்டட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் காலத்தில் குடைந்த சுரங்கப்பாதைகளின் மொத்த நீளம் சுமார் 320 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு போகிற தூரம். ஆழம் ஏறக்குறைய 700 மீட்டர்.

"ஈயம் தீர்ந்துபோச்சு, சுற்றுலாவுக்கு மாறிட்டாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தீர்ந்துபோனது வேறு. உலகச் சந்தையில் ஈய விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் 1985 அக்டோபரில் பணம் தீர்ந்தது. விலை சரிந்தது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஈயம் எடுப்பது கட்டுப்படியாகவில்லை. 1986-இல் சுரங்கத்தை மூடினார்கள்.

இன்றைக்குச் சுரங்க மேலாளரின் பங்களா அருங்காட்சியகம். சுரங்கத்தின் ஒரு பகுதிக்குள் டிக்கெட் வாங்கிப் போகலாம். விடியலைப் பார்க்க பனோரமா குன்று, காலை வெயிலில் வானவில் காட்டும் அருவி. இந்த வருமானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊர் காலியாகாமல் இருக்க அது வேணும். ஆனால் அது வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் வருகிற காசு. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் விடியலும் இல்லை, வானவில்லும் இல்லை. சுரங்க வேலை உயிருக்கு ஆபத்தானது. இருந்தாலும் பூமிக்கு அடியில் நின்றவனின் கூலியை மேகமூட்டம் குறைத்ததில்லை.

ஈயத்தின் காலம் முடிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. போர்ட் கிள்ளானில், எங்க வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் புலாவ் இண்டாவில் இப்போது ஈயம் உருக்கும் ஆலை ஓடுகிறது. வெளிநாட்டுத் தாதுவும் அங்கே வருகிறது. மின்னணுப் பலகையில் ஒவ்வொரு உறுப்பையும் பிடித்துவைத்திருக்கும் பற்றாசில் முக்கால்வாசிக்கு மேல் ஈயம்தான். 2022-இல் ஒரு டன் விலை 40,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது.

சந்தை திரும்பி வந்துவிட்டது. சுங்கை லெம்பிங் மட்டும் சனிக்கிழமைக்கும் நல்ல வெயிலுக்கும் காத்திருக்கிறது.