ஹின்ரர்கைபெக் கொலையும் அதன் விசாரணையும்

ஜேர்மனியின் தென்பாலுள்ள பவேரியாவில், மியூனிச் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், ஊரினின்றும் ஒதுங்கி நின்ற சிறு பண்ணையே ஹின்ரர்கைபெக். 1922 மார்ச் 31 ஆம் நாளிரவு அங்கிருந்த அறுவரும் கொல்லப்பட்டனர். முதிய கமக்காரர், அவர் மனைவி, விதவையான மகள், அவளுடைய பிள்ளைகள் இருவர், அன்றுதான் வேலைக்கு வந்து சேர்ந்த பணிப்பெண் ஆகியோரே மாண்டவர். கொன்றவன் யாவன் என்பது இன்றும் துணியப்படவில்லை. அதற்குக் கொலைஞனின் தந்திரம் மட்டுமன்றி, விசாரணை தொடங்கிய வகையும் காரணமாகும்.

பனியிற் பதிந்த காலடிகள் பண்ணையை நோக்கி வந்தனவேயன்றித் திரும்பிச் சென்றில என்று கமக்காரர் முன்னரே அயலவரிடம் கூறியிருந்தார், பொலிசாருக்கு அறிவித்தாரல்லர். கொலைக்குப் பின்னர் சிறுமி பள்ளிக்கு வரவில்லை. ஆயினும் புகைபோக்கியிற் புகை எழக் கண்டோருளர். மாடுகளுக்கும் தீனி இடப்பட்டிருந்தது. கொலைஞன் பிணங்களின் அருகே சில நாள் தங்கியிருந்தான் என்னும் கருத்து இதனின்றும் பிறந்ததே. ஏப்ரல் 4 ஆம் நாள் இயந்திரம் திருத்த வந்தவர் பல மணி நேரம் வேலைசெய்தும் வீட்டார் ஒருவரையும் கண்டிலர்.

அன்று மாலையே அயலவர் உட்புகுந்து பிணங்களைக் கண்டனர். மியூனிச்சிலிருந்து ஜோர்ஜ் றைன்குறூபர் தலைமையில் அதிகாரிகள் வந்து சேருமுன் பலர் உள்ளே நடமாடிவிட்டனர்; பிணங்களும் இடம் பெயர்க்கப்பட்டன. கைரேகைச் சோதனை அக்காலத்து வழக்கிலிருந்தும் ஈண்டு கைக்கொள்ளப்படவில்லை. பிரேத பரிசோதனையின்பின் தலைகள் மட்டும் ஆராய்ச்சிக்காக மியூனிச்சுக்கு அனுப்பப்பட்டன. அவை மீளவேயில்லை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொலைந்தன.

கொள்ளையே நோக்கமென முதலில் எண்ணினர். ஆனால் வீட்டிற் பெருந்தொகைப் பணம் தீண்டப்படாது கிடந்தது. பின்னர், 1914 இல் பிரான்சியப் போர்க்களத்தில் இறந்த மகளின் கணவன் உயிருடன் மீண்டானோ என்ற ஐயம் எழுந்தது. அவன் உடல் கிடைக்காமையே இவ்வையத்துக்கு வேர். அயலவர் மீதும் பழி விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர்.

பொலிசார் தேடிக் காணாத ஆயுதம் 1923 இல் பண்ணை வீட்டை இடித்தபோதுதான் வெளிப்பட்டது. பரணில் மறைந்து கிடந்தது, வேர் கிளறும் கனத்த மண்வெட்டி ஒன்று! ஆயுதம் கிடைத்த வேளையில், அதனைப் பொருத்திப் பார்ப்பதற்குரிய வீடே இல்லாதொழிந்தது.

2007 இல் பொலிஸ் கல்லூரி மாணவர் சிலர் பழைய ஏடுகளைப் புதிய முறைகளால் ஆராய்ந்தனர். எஞ்சிய சான்றுகளைக் கொண்டு வழக்கைத் தீர்த்தல் இயலாதென்றே கண்டனர். எனினும் ஒருவன்மீது அவர்கள் ஒருமித்து ஐயங்கொண்டனர். வழித்தோன்றல்களை எண்ணி அவன் பெயரை வெளியிட்டாரல்லர். பிறர் பலர் எளிதாகப் பெயர் சூட்டிய இவ்வழக்கில் அம்மாணவரின் அடக்கம் குறிப்பிடத்தக்கது.