ஆழம் குறைந்த நீரில் 'கெவாங்' தூண்டில்: கெடாவில் ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் முறை

சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டப்புறங்களில் தூண்டில் என்றாலே ஒரு காலத்தில் மூங்கில் கழி, நைலான் நரம்பு, மண்புழு ஆகிய மூன்றும்தான். இன்று அதே வட்டார இளைஞர்கள் பலர் புழுவை விட்டுவிட்டுச் செயற்கை இரையை நாடுகின்றனர். மலாய் மொழியில் 'கெவாங்' எனப்படும் மீன் வடிவ இரைகளில், ஆழம் குறைந்து ஓடும் கிராங்க்பெய்ட் வகை இங்குள்ள குளம், வாய்க்கால், அணைக்கரைகளுக்கு மிகவும் ஏற்றது. அதை எந்த மாதத்தில், எந்த நீரில், எப்படி இழுப்பது என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவும் ஏமாற்றமும் குறையும்.

கெவாங் என்பது என்ன?

குண்டான உடலும், வாய்ப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகடும், வயிற்றிலும் வாலிலும் மூன்று கொக்கி கொண்ட முட்களும் சேர்ந்ததே கிராங்க்பெய்ட். சும்மா விட்டால் பெரும்பாலும் மிதக்கும். ரீலைச் சுற்றினால் தகடு நீரை எதிர்த்து இரையைக் கீழே அழுத்தும். உடல் இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டத்தைக் காயம்பட்ட சிறு மீன் என நினைத்துப் பெரிய மீன் பாய்கிறது.

இரை எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தகடே பெரிதும் தீர்மானிக்கிறது. தகடு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் 1 அடி முதல் 5 அடி வரைதான் இறங்கும். நீளமாக முன்னோக்கிச் சாய்ந்திருந்தால் ஆழத்துக்குப் போகும். தகட்டின் முனை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் கட்டையிலும் கல்லிலும் மோதும்போது இரை ஒருபக்கம் விலகி ஓடும். முள் சிக்குவது அதனால் குறைகிறது.

இந்த வகை இரைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1936-இல் பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ரப்பாலா தக்கையைச் செதுக்கித் தம் முதல் மிதவை இரையைச் செய்தார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிரெட் யங் என்பவர் பால்சா மரத்தில் கையால் செதுக்கிய குண்டு உடல் இரைக்கு 'பிக் ஓ' என்று பெயர். 1970-களில் அது பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டுப் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் குட்டைத் தகட்டு இரைகள் பலவும் அந்த வழியில் வந்தவையே.

அமெரிக்க 'பாஸ்' வேறு, நம் மீன்கள் வேறு

இந்த இரைகளைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்க லார்ஜ்மவுத் பாஸ் மீனைப் பற்றியவை. அந்த மீன் குளிர்காலத்தில் மந்தமாகும். வசந்தத்தில் முட்டையிடக் கரைக்கு வரும். கெடாவில் பனியும் இல்லை, வசந்தமும் இல்லை. எனவே அந்த நான்கு பருவ அட்டவணையை அப்படியே இங்குக் கொண்டுவந்தால் பயன் இல்லை. இங்கே பருவத்தைத் தீர்மானிப்பவை மழை, வயலுக்குத் திறக்கப்படும் அணைநீர், கடலோரத்தில் ஏற்ற இறக்க நீர் ஆகியவையே.

இந்த இரையைத் துரத்தும் நம் நாட்டு மீன்கள்: ஹாருவான் எனும் விரால், அதன் பெரிய உறவான தோமான், ஓடும் நீரை விரும்பும் செபாராவ், கழிமுகத்தில் வாழும் சியாக்காப் எனும் கொடுவா. இவற்றோடு தென் அமெரிக்காவிலிருந்து வந்த 'ஈக்கான் ராஜா' எனும் பீகாக் பாஸ் பேராக்கின் பழைய ஈயக்குட்டைகளிலும் நாட்டின் வேறு பல குளங்களிலும் பரவியிருக்கிறது. பெயரில் பாஸ் இருந்தாலும் இது அமெரிக்க பாஸின் இனமன்று. திலாப்பியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும். இருட்டிய பின் அதைத் தேடுவது வீண்.

மாதவாரியாக

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை: வடகெடாவின் வறண்ட காலம். குளம் சுருங்கும், நீர் தெளியும். மீனுக்கு மனிதனின் நிழல்கூடத் தெரியும். 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறு இரை, மங்கிய வெள்ளி அல்லது பச்சை நிறம், மெல்லிய நரம்பு, தூர வீச்சு ஆகியவை தேவை. கரையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று வீசுவது நல்லது. அதிகாலையும் மாலை 5 மணிக்குப் பிறகும் ஏற்ற நேரம். பெடு, மூடா, பெரிஸ் போன்ற அணைகளில் நீர் இறங்கும்போது மூழ்கியிருந்த மரக்கட்டைகள் மேலே தெரியத் தொடங்கும். அவற்றின் நிழல் பக்கத்தை ஒட்டி இழுக்க வேண்டும். எந்தக் கட்டை எங்கே நிற்கிறது என்று அப்போதே குறித்துவைத்தால், நீர் உயர்ந்தபின் அந்தக் குறிப்பு பெரிதும் உதவும்.

ஏப்ரல், மே: மாலை மழை தொடங்கும் காலம். தோட்டத்து வாய்க்கால் குளத்தில் கலக்கும் இடத்தில் புழு, பூச்சி, சிறு மீன் எல்லாம் வந்து சேரும். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோட்டை ஒட்டி வீச வேண்டும். கலங்கலில் மீன் கண்ணைவிட அதிர்வையே அதிகம் நம்பும். எனவே குண்டு உடலும், உள்ளே மணி குலுங்கும் ஓசையும், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமும் உள்ள இரை ஏற்றது. மெதுவாக இழுக்க வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: உச்சி வெயிலில் பெரிய மீன்கள் ஆழத்துக்கோ நிழலுக்கோ போய்விடும். ஆழம் குறைந்து ஓடும் இரைக்கு வேலை காலையிலும் மாலையிலும்தான். பகலில் முயல்வோர் பாலத்தின் அடி, சாய்ந்த மரம், தாமரை இலை விளிம்பு ஆகியவற்றை விட்டு விலகக் கூடாது.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை: கனமழைக் காலம். நீர் புல்லுக்குள் ஏறும். இரைதேடி மீனும் அதன் பின்னே போகும். இந்த நேரத்தில் 1 அடிக்கு மேல் இறங்காத இரையே உகந்தது. தூண்டில் கழியை உயர்த்திப் பிடித்து, புல் நுனிக்கு மேலே இரை நெளியும்படி இழுக்க வேண்டும். புல்லில் மாட்டினால் வெடுக்கென இழுக்காமல் நரம்பைத் தளர்த்தினால், மிதக்கும் இரை பல நேரங்களில் தானே விடுபடும்.

மெர்போக் கழிமுகத்தில் மாதத்தைவிட நீரோட்டம் முக்கியம். நீர் வடியத் தொடங்கும்போது சிறு ஓடைகள் ஆற்றில் சேரும் வாயில் கொடுவா காத்திருக்கும். அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல் இருப்பதால் தடித்த முன்நரம்பு கட்டாயம். தோமானின் பற்களுக்கும் இதுவே பொருந்தும்.

இழுக்கும் முறை

ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பது பலர் செய்யும் தவறு. இரை எதிலாவது மோத வேண்டும். மோதியதும் ஒரு நொடி நிறுத்த வேண்டும். பெரும்பாலான கடி அந்த நிறுத்தத்திலோ மீண்டும் சுற்றத் தொடங்கும்போதோ வரும்.

கழியின் நுனி தாழ்ந்தால் இரை கூடுதலாக இறங்கும், உயர்ந்தால் மேலே வரும். நரம்பு தடித்தால் இறங்கும் ஆழம் குறையும். விறைப்பான கழியைவிடச் சற்று வளைந்து கொடுக்கும் கழி நல்லது. மீன் இரையைக் கவ்வ நேரம் கிடைக்கும், சிறு முள்ளும் கழன்றுவிடாது.

புதிய இரை ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடினால் அது பழுதென்று தூக்கி எறிய வேண்டாம். இடப்பக்கம் ஓடினால், நரம்பு கட்டும் முன்கண்ணைக் குறட்டால் மிகச் சிறிதளவு வலப்பக்கம் வளைக்க வேண்டும். வலப்பக்கம் ஓடினால் அதற்கு மாறாக. நேராக ஓடும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

பிடித்த மீனை என்ன செய்வது?

இந்தப் பொழுதுபோக்கில் கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. நல்ல விளையாட்டு காட்டுகிறது என்பதற்காகச் சிலர் ராஜா மீனை வாளியில் எடுத்துச் சென்று வேறு குளத்தில் விடுகின்றனர். அதன் விளைவை மத்திய அமெரிக்காவின் பனாமா நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1960-களின் இறுதியில் வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பிய இதே இன மீன் காட்டூன் ஏரிக்குள் பரவியது. தாமஸ் ஜாரெட், ராபர்ட் பெயின் ஆகிய இரு அறிவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குச் சாதாரணமாகக் காணப்பட்ட எட்டு மீன் இனங்களில் ஆறு சில ஆண்டுகளிலேயே இல்லாமல் போயின. சிறு மீன்கள் குறைந்ததால் அவற்றை நம்பிய பறவைகளும் பாதிக்கப்பட்டன.

நம் வாய்க்காலில் இது நடந்தால் முதலில் போவது விரால் குஞ்சும் செப்பட் போன்ற சிறு மீன்களும்தான். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் குழம்பு கொடுப்பது இந்நாட்டில் எல்லா இனத்தவரிடமும் உள்ள வழக்கம். அந்த விரால் நாளை சந்தையில் விலை கொடுத்து வாங்கும் பொருளாக மட்டுமே மிஞ்சக் கூடாது.

எனவே ராஜா மீன் கிடைத்தால் அதை மீண்டும் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதே நல்லது. சதை வெள்ளையாக, உறுதியாக இருக்கும். பொரித்தாலும் குழம்பு வைத்தாலும் சுவைக்கும். மாறாக, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் தோமானைப் பிடிக்காமல் விட வேண்டும். பெற்ற மீன் போனால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். விடுவிக்கும் எண்ணம் உள்ளவர்கள் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் கைக்கும் காயம் குறையும்.

கவனிக்க வேண்டியவை

மின்சாரம் பாய்ச்சியோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். ஆறு, ஏரி மீன்பிடிப்பு மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், அணைப் பகுதிக்குப் போகுமுன் அங்குள்ள அனுமதி விதிகளைக் கேட்டறிய வேண்டும். தோட்டக் குளமாயின் நிர்வாகத்தின் சம்மதம் தேவை.

இடி கேட்டவுடன் கழியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும்; கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும். காலில் புண் இருந்தால் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே உடலில் புகும். படகில் செல்வோர் நீச்சல் தெரிந்தவராயினும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். மரத்தில் மாட்டிய இரையையும் அறுந்த நரம்பையும் முடிந்தவரை எடுத்துவந்துவிட வேண்டும். அடுத்த நாள் அந்தக் கரைக்கு வரும் சிறுவனின் காலில் அந்த முள் ஏறக்கூடாது.